குழந்தைகளின் இரத்தசோகை: திட்டமும் பயனும்

நாட்டின் தானியக் களஞ்சியங்கள் நிறைந்துள்ளன. குழந்தைகளின் இரத்தத்திலோ இரும்புச்சத்து குறைந்துள்ளது. இம்முரண்பாட்டைச் சற்றே எண்ணிப் பாருங்கள். 2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 58.6 விழுக்காட்டினர் இரத்தசோகைக்கு ஆளாகியிருந்தனர். 2019-21இல் இது 67.1 ஆயிற்று. விரல்நுனிக்குப் பதிலாக இரத்த நாளத்திலிருந்து இரத்தம் எடுத்து ஆராய்ந்த 2016-18ஆம் ஆண்டுகளின் ஆய்வு, ஒன்று முதல் நான்கு வயதினரில் ஏறத்தாழ 41 விழுக்காடு என்றது. அளவீடு வேறுபடலாம், எனினும் கேடு சிறிதன்று.

இதற்கான தடுப்புத் திட்டம் 1970இலேயே தொடங்கியது; 2018இல் புதுவடிவம் பெற்றது. வாரம் இருமுறை ஒரு மில்லிலிட்டர் திரவ மருந்து. அதில் 20 மில்லிகிராம் இரும்பு. செலவு சொற்பமே. தடை யாது? குழந்தையின் மலம் கறுப்பது கண்டு அஞ்சித் தாய்மார் சிலர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். ஆறு மாதத்திற்குப் பின்னும் பல இல்லங்களில் பாலும் கஞ்சியுமே உணவாகின்றன.

முதல் இரண்டாண்டுகளில் மூளை விரைந்து வளர்கிறது. அப்போது நேரும் இழப்பைப் பின்னாளில் பள்ளிச் செலவால் ஈடுசெய்தல் அரிது. ஆகவே, வழங்கிய புட்டிகளை எண்ணுவதோடு அமையாது, குழந்தை அருந்திய வேளைகளை எண்ணுவதே திட்டத்தின் உண்மை அளவுகோலாதல் வேண்டும்.