கோலநோட்டும் கல்யாணப் படமும்

கல்யாண ஜோடி ஒன்று போட்டோ எடுக்க வத்தல்மலைக்குப் போனது. மாப்பிள்ளைக்கு வெள்ளை வேட்டி சட்டை, பெண்ணுக்கு வெளிர்சந்தனப் புடவை. மேலே ஒரே பனிமூட்டம். படத்தில் இரண்டு தலையும் நாலு கையும்தான் தெரிந்தன!

இதற்குத்தான் 'மூட்போர்டு' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பெயர்தான் பெரிசு. வாசலில் புள்ளி வைக்குமுன் கோலநோட்டில் போட்டுப் பார்ப்போமே, அதேதான். ஓர் அட்டையில் புடவைத் துணியின் துண்டு, பிடித்த நாலு படம், போகிற இடத்தின் போட்டோ எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் பார்ப்பது.

வத்தல்மலை என்றால் காப்பிச் செடியின் கரும்பச்சை, மரத்தில் ஏறிய மிளகுக்கொடி. அதன்முன் அரக்கும் மாம்பழ மஞ்சளும் தூக்கலாக நிற்கும். இலைப்பச்சை கட்டினால் ஆளே காணாமல் போய்விடுவார். பின்னால் காப்பிப்பூ வேண்டுமா? மார்ச், ஏப்ரலில் கோடைமழை பெய்து எட்டுப் பத்து நாளில் மல்லிகை மாதிரி வெள்ளையாகப் பூக்கும், இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். இதற்கு நாள் குறிப்பவர் ஜோசியர் இல்லை, மழைதான்.

வழியில் கொண்டை ஊசி வளைவுகள் இருபதுக்கு மேல். மேக்கப்பை மேலே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே உள்ளே போங்கள். போஸுக்காக ஒரு கிளையை ஒடித்தால், அவருக்கு அந்தக் கிளையின் காய் போச்சு.