‘டபிள்யூ.டி.பி.வி.’ என்று எழுதி முடித்துவிடாதீர்கள்



ஒரு ஓ.பி. சீட்டிலிருந்து தொடங்குகிறேன். பல வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் கைக்கு வந்த சீட்டு அது. நடவுக்குப் போகும் பெண். ஒன்றரை வருஷத்தில் ஐந்து முறை வந்திருக்கிறார். ஐந்து முறையும் ‘டபிள்யூ.டி.பி.வி.’ என்று எழுதியிருந்தது. வெள்ளைப்படுகிறது என்பதற்கு நாங்கள் போடும் சுருக்கெழுத்து. கீழே மாத்திரையின் பெயர். பரிசோதித்துப் பார்த்ததாக ஒரு குறிப்பும் இல்லை, கணவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்த ஐந்தில் ஒன்று என் கையெழுத்து.

“உடம்புச் சூடுதான் டாக்டரம்மா, எவ்வளவு மோர் குடிச்சாலும் அடங்கல” என்றார் அவர். ஆறாவது முறைதான் ஸ்லைடு போட்டோம். ஒரு சொட்டு சலைன், மேலே கவர் ஸ்லிப். மைக்ரோஸ்கோப்பில் பேரிக்காய் வடிவத்தில், சாட்டையைச் சுழற்றிக்கொண்டு, வெட்டி வெட்டித் துள்ளியது டிரைக்கோமோனாஸ். 1836இல் பாரிசில் ஆல்ஃபிரெட் டொனே இதைக் கண்டபோதும் இப்படித்தான் துள்ளியிருக்கும்.

உடலுறவால் பரவும் இந்த ஒட்டுண்ணி தரும் நோய் அரியதல்ல. 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 15 கோடியே 60 லட்சம் பேருக்குப் புதிதாக வந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. கிளமிடியா, கொனோரியா, சிஃபிலிஸ் எதுவும் தனித்தனியே இந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. கர்ப்பிணிக்கு இருந்தால் குறைப்பிரசவ அபாயம் கூடுகிறது, எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பும் கூடுகிறது. ஆண்கள் பலருக்கு எந்தத் தொந்தரவும் தெரிவதில்லை. அதனால்தான் மனைவி மட்டும் மாத்திரை சாப்பிட்டுவிட்டு மறுபடி மறுபடி வருகிறார்.

இதற்கு, நோய்களுக்கு எண் தரும் உலக வகைப்பாடான ஐ.சி.டி.யின் பத்தாம் பதிப்பில் ஏ59 என்று எண் இருக்கிறது. இனப்பெருக்க, சிறுநீர்ப் பாதையில் என்றால் ஏ59.0. ஐ.சி.டி. பதினொன்றில் 1ஏ92. காரணம் தெரியாத வெள்ளைப்படுதலோ என்89.8இல் போய் விழும். அது அழற்சியல்லாத கோளாறுகளின் பட்டியல். நாம் எழுதும் நான்கு எழுத்தால் ஒரு ஒட்டுண்ணி நோய், கணக்கில் நோய்த்தொற்றே இல்லாததாகிவிடுகிறது.

என் மனதை உறுத்தும் விஷயம் இது. நம் டெல்டாப் பிள்ளைகள் சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் இரவு ஷிப்டில் உட்கார்ந்து அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டுகளுக்குக் கோட் போடுகிறார்கள். 2015 அக்டோபர் முதல் அங்கே நடைமுறையில் உள்ள முறையில் ஏ59.01 என்று பெண்ணுறுப்பு அழற்சியைத் தனியாகவும், ஏ59.03 என்று சிறுநீர்ப்பை, சிறுநீர்க்குழாய் அழற்சியைத் தனியாகவும் பிரிக்கிறார்கள். கர்ப்பிணி என்றால் ஓ98.3 வரிசையை முதலில் போட்டு, எத்தனையாவது மும்மாதம் என்பது வரை சொல்கிறார்கள். இங்கே அவர்களுடைய அம்மாவின் சீட்டில் ‘டபிள்யூ.டி.பி.வி.’ பிள்ளைகளுக்குத் திறமை இருக்கிறது. அவர்கள் எண் போடுவதற்கு வேண்டிய வரியை நாம் எழுதித் தரவில்லை.

கோடர் ஊகிக்கக் கூடாது. அதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடம். வெள்ளைப்படுதலுக்குத் தரும் பச்சைக் கிட் என்ற மருந்துப் பொட்டலத்தைக் கொடுத்திருப்பதைப் பார்த்துவிட்டு டிரைக்கோமோனாஸ் என்று போட முடியாது. அதில் செக்னிடசோலும் இருக்கிறது, பூஞ்சைக்கான ஃபுளுகோனசோலும் இருக்கிறது. மைக்ரோஸ்கோப் இல்லாத இடத்தில் அறிகுறி பார்த்துக் கிட் கொடுப்பது தவறே இல்லை. எத்தனையோ பெண்களை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் ‘அறிகுறி அடிப்படையில் சிகிச்சை, கிருமி பார்க்கவில்லை’ என்று எழுதுங்கள். பார்த்த இடத்தில் எடுத்த நேரத்தையும் பார்த்த நேரத்தையும் எழுதுங்கள். பத்து, இருபது நிமிஷம் தாண்டினால் துள்ளல் அடங்கிவிடும். முகாம்களில் காலையில் எடுத்த ஸ்லைடு மதியம் வரை டிரேயில் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். உடனே பார்த்தாலும் பாதிக்குப் பாதி தப்பிவிடுகிற சோதனை இது. ‘இல்லை’ என்று எழுதாமல் ‘தெரியவில்லை’ என்று எழுதுவதுதான் நேர்மை.

கணவருக்குத் தனிச் சீட்டு போடுங்கள். தொற்றுக்கு ஆளானவர் என்பதற்கு இசட்20.2 இருக்கிறது. திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார் என்றால் அதையும் குறித்து, பொங்கலுக்கு வரும்போது கூப்பிடுங்கள். யாரால் வந்தது என்று மட்டும் எழுதாதீர்கள். மாதக்கணக்கில் சத்தமில்லாமல் உடம்பில் தங்கும் நோய் இது; தேதியை வைத்து யாரையும் குற்றவாளியாக்க முடியாது. வரிசையில் நிற்பவரின் நோயை உரக்கச் சொல்லிக் கூப்பிடும் வழக்கமும் ஒழிய வேண்டும். ஏ59 என்ற எண் படித்தவருக்குப் புரியும், பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரியாது.

கருத்தரங்கு நடக்கும் இந்த ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்தவர்களுக்குத் தெரியும்: மாடுகளுக்கும் இணைசேர்க்கையால் பரவும் டிரைக்கோமோனாஸ் வகை ஒன்று உண்டு. விந்து நிலையக் காளைகளுக்கு அந்தச் சோதனையைச் செய்து பதிவு செய்ய வேண்டும் என்பது நாடு முழுக்க உள்ள விதி. காளைக்குச் செய்வதை நடவு நடும் பெண்ணுக்குச் செய்யக் கூடாதா?

எழுதிவைப்பது நமக்குப் புதிதுமல்ல. இவ்வூர் முக்தாம்பாள் சத்திரத்தைக் கட்டிய தஞ்சை மன்னர் சரபோஜியின் காலத்தில், கண் நோயாளிகளின் விவரத்தை எழுதி, பக்கத்தில் கண்ணின் படத்தையும் வரைந்துவைத்தார்கள். அந்தத் தாள்கள் தஞ்சை சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. ஏறத்தாழ இருநூறு வருஷம் கழித்தும் கண் மருத்துவர்கள் அவற்றைப் படித்து, என்ன நோய் என்று சொல்ல முடிகிறது.

மதிய அமர்வில் பெயர் நீக்கிய சீட்டுகள் மேசைக்கு மேசை தரப்படும். மருத்துவரும் கோடரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள். எந்த வரி இருந்திருந்தால் எண் போட்டிருக்கலாம் என்று கோடர் கேட்கட்டும், மருத்துவர் எழுதட்டும். அந்தச் சீட்டுகளில் என் கையெழுத்துள்ள சீட்டின் நகலும் இருக்கிறது. கருத்தரங்கைத் தொடங்கிவைத்து, முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.