கவலையும் மூளையின் இரத்தக் குழாய்களும்

(குமணன்சாவடியில் நிகழ்த்தப்பட்ட ஜுமுஆ உரையின் எழுத்து வடிவம்)

 



மகனைப் பிரிந்த துயரத்தில் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போன செய்தியைத் திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயத்தில் ஓதியிருக்கிறோம். அவ்விடத்தில் அவர்களைக் குறிக்க வரும் சொல் 'கழீம்'. துக்கத்தை வெளியே விடாமல் உள்ளுக்குள் அடக்கிக்கொண்டவர் என்பது அதன் பொருள். உள்ளத்தின் வேதனை உடலின் ஓர் உறுப்பைத் தாக்கியது. அதுவும் ஒரு நபிக்கு! ஆகவே கவலையில் வாடும் ஒருவரைப் பார்த்து, "உமக்கு தவக்குல் போதாது" என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போகும் வழக்கத்தை முதலில் நாம் விட வேண்டும். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

நமக்கு அறிமுகமான ஒரு சகோதரர். வயது ஐம்பதைத் தாண்டவில்லை. மகளின் திருமணக் கடன், வட்டிக்காரரின் தொலைபேசி, இரவு வேலை. இவை எதையும் அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. ஒருநாள் சுபுஹுக்கு உளூச் செய்யும்போது வாய் கொப்பளித்த தண்ணீர் ஒரு பக்கக் கடைவாயில் தானாக வழிந்தது. வலக்கை முழங்கைக்கு மேல் எழவில்லை. வாயுப் பிடிப்பாக இருக்கும் என்று வீட்டார் தைலம் தேய்த்துப் படுக்க வைத்தனர். மருத்துவமனை சேர்ந்தபோது லுஹர் நேரம் கடந்துவிட்டது. இன்று அவர் நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். பேச்சு இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை.

அவரது மூளைக்குள் நடந்தது என்ன?

மூளை நம் உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் உடல் பயன்படுத்தும் பிராணவாயுவில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்கே செல்கிறது. நாளைக்கென்று சேர்த்து வைக்க அங்கே கிடங்கு இல்லை. சில நிமிடங்கள் இரத்தம் நின்றாலே செல்கள் மடியத் தொடங்கிவிடும். அந்த இரத்தத்தை மூளையின் ஆழத்துக்குக் கொண்டுசெல்லும் சிறு தமனிகளோ அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடவோ குறையவோ பருமன் கொண்டவை.

நெடுஞ்சாலையைக் கடக்கும்போது ஒரு லாரி நம்மை நோக்கி வருகிறது. அக்கணமே அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, ஓடித் தப்புகிறோம். சற்று நேரத்தில் யாவும் தணிந்துவிடுகின்றன. இது இறைவன் அளித்த பாதுகாப்பு. ஆனால் மாதத் தவணை என்னும் லாரி நாள்தோறும், நாம் படுத்த பிறகும் வந்துகொண்டே இருந்தால்? கார்டிசால் என்னும் சுரப்பு தணிய வேண்டிய நேரத்திலும் தணிவதில்லை. உறக்கத்தில் இயல்பாக இறங்க வேண்டிய இரத்த அழுத்தம் பலருக்கு இறங்காமலே நிற்கிறது.

குழாய்களின் உட்புறம் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆன மெல்லிய விரிப்பு ஒன்று உண்டு. நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்துவது அதன் பணி. இந்த வாயுவின் பங்கைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. இடைவிடாத அழுத்தத்தில் அந்தச் சுரப்பு குன்றுகிறது. சுவர் தடித்து, உள்வழி குறுகுகிறது. ஒருநாள் அடைத்துக்கொள்கிறது, அல்லது வெடித்துக் கசிகிறது. பக்கவாதம் வராமலே, கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு சேதங்கள் சேர்ந்து நினைவும் நடையும் தளர்வதும் உண்டு.

அச்சத்தை உணரும் மூளைப் பகுதியான அமிக்டலாவை பாஸ்டன் நகர மருத்துவர்கள் 293 பேரிடம் ஆராய்ந்து 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அப்பகுதி மிகுதியாக இயங்கியவர்களிடம் எலும்பு மஜ்ஜை கூடுதலாக இயங்கியதும், தமனிகளில் அழற்சி மிகுந்திருந்ததும் தெரியவந்தன. பின்னாளில் மாரடைப்பும் பக்கவாதமும் அவர்களையே கூடுதலாகத் தாக்கின.

நமக்கு இன்னும் நெருக்கமானது இன்டர்ஸ்ட்ரோக் என்னும் பன்னாட்டு ஆய்வு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்களும் அதில் பங்கேற்றனர். 2010இல் 22 நாடுகளை வைத்தும், 2016இல் 32 நாடுகளை வைத்தும் அதன் முடிவுகள் வெளியாயின. பக்கவாதத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குப் பத்துக் காரணிகளே தொடர்புடையவை என்றது அது. முதலிடம் இரத்த அழுத்தத்துக்கு. அந்தப் பத்தில் மன அழுத்தமும் ஒன்று. அது தனித்து வருவதுமில்லை. கவலை மிகுந்தவர் புகைக்கிறார், உறக்கம் கெடுகிறார், மாத்திரையை மறக்கிறார்.

அதே ஆய்வின் தரவுகளிலிருந்து 2022இல் வந்த ஒரு கட்டுரை என்னைச் சிந்திக்க வைத்தது. வீட்டிலும் வேலையிலும் நடப்பது ஓரளவேனும் தம் கையில் இருக்கிறது என்று உணர்ந்தவர்களிடம், மன அழுத்தத்துக்கும் பக்கவாதத்துக்கும் உள்ள தொடர்பு குறைந்து காணப்பட்டதாம். பெருமானார் (ஸல்) அவர்கள் கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் பாதுகாவல் தேடக் கற்றுத்தந்த துஆவை நினைத்துப் பாருங்கள். அது கடன் சுமையிலும், பிறர் நம்மை அடக்கி ஆள்வதிலும் போய் முடிகிறது. கவலையையும் கடனையும் கைமீறிய நிலையையும் ஒரே மூச்சில் சேர்த்தே அங்கே பாதுகாவல் தேடுகிறோம்.

நம் பகுதியின் கவலைகள் நமக்குத் தெரியாதவை அல்ல. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மாறி மாறி வரும் ஷிப்டு, இரவெல்லாம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஓயாத ஒலிப்பான், வளைகுடாவிலிருக்கும் மகனின் வேலை என்னாகுமோ என்ற திகில். சாலை இரைச்சலை நம்மால் நிறுத்த முடியாது. ஆனால் கடனை ஒரு தாளில் எழுதி மனைவியின் முன் வைக்க முடியும். வட்டிக்கு வட்டி என்று ஓடாமல், ஜமாஅத்தின் பெரியவர்களிடம் வந்து சொல்ல முடியும். வந்து சொன்னவரின் செய்தியைத் தெருவில் பேசாதிருப்பது நம் கடமை. அது காக்கப்படாதவரை எவரும் வரமாட்டார். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

அடுத்து மாத்திரை. 2020இல் தமிழகத்தில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் வயது வந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்களோ பத்தில் ஒருவர்கூட இல்லை. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை அரசு தொடங்கி, மாத்திரைகளை வீட்டுக்கே அனுப்பியது. வாங்கி அலமாரியில் வைத்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். "தலைவலி இல்லையே, எதற்கு மாத்திரை?" என்கிறார்கள். இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலிப்பதே இல்லை, சகோதரர்களே! மருத்துவம் செய்துகொள்ளச் சொன்ன நபியின் உம்மத்தினர் நாம்.

முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தளர்ந்து விழுந்தால், பேச்சு குழறினால் தைலம் தேடாதீர்கள், 108ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கும் முன்னால் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். இங்கிருந்து சென்ட்ரல் எதிரிலுள்ள அரசுப் பொது மருத்துவமனை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். காலை நெரிசலில் அந்தத் தொலைவு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊசி போடும் வசதி அருகில் எங்கே உள்ளது என்பதை இன்றே விசாரித்து, வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

தொழுகைக்குப் பின் மதரஸா அறையில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியுடன் நம் இளைஞர்கள் இருப்பார்கள். பெண்களுக்கு அஸருக்குப் பிறகு. முதலில் நான் கையை நீட்டப் போகிறேன்.