கரையேறிய படகு



கோர்படியில் குடியிருக்கும் ஒருவன் படகைப் பற்றிப் பேச முன்வருவது வேடிக்கையாகத் தோன்றக்கூடும். புனே நகரில், இரயில் பாதைகளுக்கும் இராணுவக் குடியிருப்புகளுக்கும் நடுவே அமைந்தது எங்கள் பகுதி. கடலோ சகியாத்திரி மலைக்கு அப்பால் இருக்கிறது. ஆயினும் முளா, முட்டா என்னும் ஆறுகள் இரண்டும் இந்நகரிலேதான் ஒன்றுகூடுகின்றன. நகரின் மறுபுறத்தே, தாபோடியில் உள்ள இராணுவப் பொறியியல் கல்லூரியில், துடுப்புப் படகு வீரர்கள் பயிற்சி பெறுகிறார்கள். என்னிடமும் ஒரு சிறிய மரப்படகு உண்டு. அதற்கு நான் இழைத்த தவற்றையும், அத்தவறு எனக்குக் கற்பித்த பாடத்தையும் இன்று உங்களிடம் கூற விரும்புகிறேன்.

குளிர்நாடுகளில் பனிக்காலம் வருமுன் படகுகளைக் கரையேற்றி மூடி வைப்பார்கள். நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் பெருகும். இயந்திரத்தினுள் சிறிது நீர் தங்கி உறைந்தாலும் அது இரும்பையே பிளந்துவிடும். ஆதலால் உள்ளிருக்கும் நீரை முற்றும் வடித்த பிறகே அவர்கள் படகை மூடுகிறார்கள். புனேயிலோ மார்கழியும் தையும் படகு செலுத்துவதற்கு இனிய மாதங்கள். அவர்களுக்குப் பனிக்காலம் எதுவோ, நமக்கு மழைக்காலம் அது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்குள்ள ஆறுகளை நம்பிக் கரையில் படகைக் கட்டி வைக்க இயலாது. 1961 ஜூலை 12-ஆம் நாள் பான்ஷேத் அணை உடைந்து, வெள்ளம் புனே நகருக்குள் புகுந்ததை முதியோர் மறந்திலர். அத்தகைய பேரிடர் அரிதே. ஆனால் அணைகளிலிருந்து நீர் திறந்துவிடும் நாளில் ஆறு விரைந்து பெருகும்; கயிற்றையும் முளையையும் அது பொருட்படுத்தாது.

மலைக்கு அப்பால் கொங்கணக் கரையிலும் இதே காலத்தில் படகுகள் கரையேறுகின்றன. மகாராஷ்டிரக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் இயந்திரப் படகுகள் மீன்பிடிக்கச் செல்லலாகாது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் இத்தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடைமுறையில் இருக்கிறது. மீன்வளம் பெருகும் பொருட்டு ஏற்பட்ட தடை இது. மீனவருக்கோ படகைச் செப்பனிடும் காலமும் இதுவே. வருவாயின்றி இரண்டு மாதம் கழித்த குடும்பம், கடல் திறக்கும் முதல் நாளையே எதிர்நோக்கியிருக்கும். அன்று படகின் அடிப்பலகை இற்றிருக்கக் கண்டால் அக்குடும்பத்தின் நிலை என்னவாகும்!

எனக்கு நேர்ந்தது அவ்வளவு பெரிய இழப்பன்று. படகு வாங்கிய முதல் ஆண்டில், மழை தொடங்கியதும் அதை வீட்டு முற்றத்தில் நிமிர்த்தி வைத்து, பிளாஸ்டிக் விரிப்பால் இறுக மூடி, ஒரு துளி மழையும் புகாதவாறு கயிற்றால் வரிந்து கட்டினேன். செப்டம்பரில் விரிப்பை நீக்கினேன். புழுங்கிய நாற்றம் எதிர்கொண்டது. உட்புறமெங்கும் பூஞ்சை படர்ந்திருந்தது. அடிப்பலகை ஒன்றில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரல் உள்ளே அமிழ்ந்தது. கொங்கணக் கரையைச் சேர்ந்த முதியவர் ஒருவரிடம் இதைச் சொல்லி வருந்தினேன். அவர் சிரித்துக்கொண்டே, “ஐயா, நீங்கள் படகை மூடினீர்களா, புதைத்தீர்களா?” என்று கேட்டார்.

அவர் கேள்வியில் பொருள் இருந்தது. மழை உள்ளே புகவில்லை. ஆனால் முன்பே மரத்தில் ஊறியிருந்த ஈரம் வெளியேறவும் வழியில்லை. பகலில் அது ஆவியாகி எழும்; இரவில் குளிர்ந்த விரிப்பின் உட்புறத்தில் துளித்து மீண்டும் பலகைமேல் சொட்டும். மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்குமாயின், அதை இற்றுப்போகச் செய்யும் பூஞ்சை வளராது. ஆகவே நாம் நாட வேண்டியது வெறும் மறைப்பன்று, உலர்ச்சியே.

இவ்வுண்மையை நம் நெய்தல் நில மக்கள் நெடுங்காலமாக அறிவார்கள். கட்டுமரத்தில் சென்று மீண்டவர்கள், கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே பிரித்து மணலில் உலர்த்துவார்கள். ஊறிய மரம் கனக்கும். கனத்த மரம் மிதவையில் குறையும்.

இனிச் செய்ய வேண்டியவற்றைச் சொல்லுகிறேன். மழைக்கு முன்பே படகைக் கரையேற்றி, நன்னீரால் கழுவி, சில நாட்கள் நிழலில் உலர விடுங்கள். கடும் வெயிலில் காய்ந்தால் பலகைகள் சுருங்கி இணைப்புகள் விலகும். சிறு படகாயின் கவிழ்த்து வைப்பது நன்று. பெரிய படகாயின், ஏரா என்னும் அடிக்கட்டையைப் பல இடங்களில் கட்டைகள் தாங்குமாறு அமைத்து, அணியம் சற்று உயர்ந்திருக்கச் செய்து, அடித்துளையின் அடைப்பை எடுத்துவிடுங்கள். உள்ளே விழும் நீர் தானே வடிந்துவிடும். எவ்வகையிலும் மரம் மண்ணைத் தொடலாகாது. தொட்டால் கறையான் ஏறும். இயந்திரத்தை நன்னீர் ஓட்டித் தூய்மை செய்து, நீரையும் எரிபொருளையும் வடித்து, தனியே வையுங்கள்.

பிறகு படகின்மேல் நீளவாட்டில் ஒரு மூங்கிலைத் தாங்கு கால்களின் மேல் நிறுத்தி, கூரைபோல் இருபுறமும் சரியுமாறு தார்ப்பாயை விரியுங்கள். தென்னங்கீற்றும் போதும். முன்னும் பின்னும் காற்று செல்லத் திறப்பு இருக்கட்டும். பாய் பலகையில் உராய்தல் கூடாது. மழை ஓய்ந்து வெயில் தோன்றும் நாளில் பாயைத் தூக்கி, உட்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். இக்கடைசிச் செயலே முதன்மையானது என்பேன்.

ஆவணிப் பௌர்ணமியன்று, கொங்கணக் கரையில் கோலி மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் படைத்து வழிபடுகிறார்கள். அதற்குமுன் படகுகள் புது வண்ணம் பூண்டு நிற்கும். அந்த வண்ணத்தின் அடியில் மரம் உறுதியாக இருக்கிறதா என்பதை, ஓய்ந்திருந்த மாதங்களில் நாம் எடுத்துக்கொண்ட கவனமே தீர்மானிக்கிறது. என் படகில் அந்தப் பலகையை மாற்றிவிட்டேன். இப்போது மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையேனும் பாயைத் தூக்கிப் பார்க்காமல் எனக்கு உறக்கம் வருவதில்லை.