நம் மலைக்கு ஏற்ற பென்சில்



கேகாலை மாவட்டத்துப் போகல சுரங்கத்தின் காரீயம் உலகறிந்தது. ஆனால் காரீயப் பென்சிலை அழுத்தினால் மினுங்கும். சிவனொளிபாதமலைப் பனிமூட்டத்துக்கும் லயத்துச் சுவரின் புகைக்கறைக்கும் மினுங்காத வண்ணக் கரிப் பென்சிலே பொருந்தும்.

நூற்றாண்டு நினைவாக நம் தங்கைகளுக்குச் சித்திரப் பொருட்கள் வாங்குகிறோம். அலுமாரியில் பூட்டிவைக்கும் பெரிய பெட்டியைவிட, பிள்ளைக்கு நான்கு பென்சில் மேல்: கறுப்பு, வெள்ளை, செம்மண் நிறம், கரும்பச்சை. வழுவழுப்பான தாளில் கரி ஒட்டாது; சொரசொரப்பான தாளும் கொடுப்போம். வெளிர் நிறத்தில் தொடங்கிக் கறுப்பில் முடிக்கட்டும். தூளை வாயால் ஊதாமல், தாளைச் சரித்துத் தட்டட்டும், நெஞ்சுக்குள் போகக்கூடாது.

பிறர் எடுத்த படங்களில் நம் அம்மாமார் சிரிக்கும் கொழுந்துக்காரிகள் மட்டுமே. இனி, தோட்டத்தைத் தோட்டத்துப் பிள்ளைகளே வரையட்டும்.