செத்துப்போன லேப்டாப்பா, தேதி மறந்த லேப்டாப்பா?

இன்னைக்கு ஒரு பழைய லேப்டாப்போட கதை.

2013ல பிளஸ் டூ படிச்சப்போ எனக்குக் கிடைச்ச விலையில்லா லேப்டாப் அது. 2011ல தமிழக அரசு ஆரம்பிச்ச அந்தத் திட்டத்துல நிறைய பேருக்கு அதுதான் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர். காலேஜ் முடிஞ்சதும் அதுல லினக்ஸ் போட்டு, நாமக்கல் பக்கத்துல கோழிப்பண்ணை வச்சிருக்கிற சித்தப்பாவுக்குக் கொடுத்துட்டேன்.

போன மாசம் அவர்கிட்ட இருந்து போன். "கண்ணு, லேப்டாப் கிளம்ப மாட்டேங்குது. மதர்போர்டு போச்சு, எடைக்குப் போடுங்கன்னு கடையில சொல்லிட்டாங்க. மூணு வருசத் தீவனக் கணக்கு அதுக்குள்ளதான் இருக்குது."

வேற காப்பி கிடையாது. தீவனக்காரர் சொல்ற பாக்கிதான் இனி கணக்கு.

எங்க ஊர்ல லாரி ஸ்டார்ட் ஆகலைன்னா மெக்கானிக் முதல்ல இன்ஜினைப் பிரிக்க மாட்டார். பேட்டரி, டீசல், செல்ஃப் மோட்டார்னு வரிசையா பார்ப்பார். கம்ப்யூட்டரும் அப்படித்தான். ஃபர்ம்வேர் முதல்ல எழுந்திருக்கும், பூட்லோடரைத் தேடும். பூட்லோடர் கெர்னலை ஏத்தும். எந்தப் படியில நிக்குதுன்னு தெரியாம எதையும் அழிக்காதீங்க.

ஸ்கிரீன்ல 'நோ பூட்டபிள் டிவைஸ்'னு வந்துச்சு. அதைச் சொல்றதே ஃபர்ம்வேர்தான். அப்போ மதர்போர்டு சாகலை! பென்டிரைவ்ல லைவ் லினக்ஸ் போட்டு, இன்ஸ்டால் பண்ணாம உள்ள போனேன். டிஸ்க் தெரிஞ்சுது. முதல் வேலையா கணக்கை வேற பென்டிரைவுக்கு மாத்தினேன். ரிப்பேர் அப்புறம்தான்.

பயாஸ்ல பார்த்தா தேதி பல வருசம் பின்னால இருந்துச்சு. உள்ள இருக்கிற சின்ன வட்ட பேட்டரி தீர்ந்து, செட்டிங் எல்லாம் பழைய நிலைக்குப் போயிருக்கு. நான் லெகஸி மோடுல லினக்ஸ் போட்டிருந்தேன். அது யூஇஎஃப்ஐ மோடுல தேடிட்டு இருந்துச்சு. பேட்டரியை மாத்தி, மோடைத் திருப்பி வச்சேன். அவ்வளவுதான், கிளம்பிடுச்சு.

பயாஸ் அப்டேட்தான் தீர்வுன்னு உடனே இறங்கிடாதீங்க. பாதியில கரண்ட் போனா நிஜமாவே மதர்போர்டு போயிடும். 2017 டிசம்பர்ல என்ன நடந்துச்சு தெரியுமா? உபுண்டு 17.10 போட்ட சில லெனோவா லேப்டாப்கள்ல, கெர்னல்ல இருந்த ஒரு டிரைவரால பயாஸ் செட்டிங்கைச் சேமிக்கவே முடியலை. பென்டிரைவ்ல பூட் பண்றதும் நின்னுபோச்சு. டவுன்லோடையே நிறுத்தி வச்சாங்க. ஆனா திருத்தின கெர்னலைப் போட்டு பூட் பண்ணதும் பல மெஷின்கள் திரும்பி வந்துச்சு.

அதனால எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி தேதியைப் பாருங்க. உங்க வீட்டுப் பரண்ல ஒண்ணு கிடக்கும், இந்த ஞாயித்துக்கிழமை இறக்கிப் பாருங்களேன். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.