கடலில் உழைப்போருக்கும் உரிமை உண்டு

மாதக் கடைசியில் கறிக்கு வழியில்லாதபோது, நம் வீடுகளில் ஒரு மீன் டின்னைத் திறந்து, வெங்காயமும் மிளகாயும் போட்டுக் கிளறிப் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறோம். அந்த மீனைப் பிடித்தவருக்குக் கூலி கிடைத்ததா என்று நாம் கேட்பதில்லை. இன்று அதைக் கேட்டுப் பார்ப்போம்.

தோட்டத்தில் நமக்கு ஒரு குறை என்றால் பெரட்டுக் களத்தில் நாலு பேரிடம் சொல்கிறோம். சங்கக் கிளைத் தலைவரிடம் போகிறோம். நடுக்கடலில் இருப்பவர் எங்கே போவார்? பிடித்த மீனை வேறொரு கப்பல் வந்து ஏற்றிக்கொண்டு, அரிசியும் எண்ணெயும் கொடுத்துவிட்டுப் போகும். ஆகவே மீன்பிடிக் கப்பல் கரைக்கு வராமலே பல மாதங்கள் தொழில் நடத்தலாம். கரை காணாத தொழிலாளியின் குரலைக் கேட்பார் யார்?

2015இல் அந்தக் குரல் வெளியே வந்தது. இந்தோனேசியாவின் பெஞ்சினா என்னும் தீவில், மியன்மார் முதலிய நாடுகளைச் சேர்ந்த மீனவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்ததையும், சிலர் கூண்டில் அடைபட்டுக் கிடந்ததையும் அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் கண்டார்கள். அவர்கள் பிடித்த மீன் தாய்லாந்துத் துறைமுகத்தில் இறங்கி, அமெரிக்கக் கடைகள்வரை போனதையும் பின்தொடர்ந்து எழுதினார்கள். ஏப்ரல் மாதம் இந்தோனேசிய அதிகாரிகள் தீவுக்கு வந்து, முந்நூறுக்கும் மேற்பட்டோரை அங்கிருந்து மீட்டார்கள். அடுத்தடுத்து, விடுதலை பெற்றோர் தொகை 2,000ஐத் தாண்டியது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மீனவர் வாய் திறந்தார்; செய்தியாளர் எழுதினார்; மீனை வாங்குவோர் கேள்வி கேட்டனர்; அரசாங்கம் அசைந்தது. இவர்களில் ஒருவர் விலகி நின்றிருந்தாலும் காரியம் நடந்திருக்காது.

அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம், மீன்பிடித் தொழிலுக்கென 188ஆம் உடன்படிக்கையை 2007இல் நிறைவேற்றியது. அது 2017இல் நடைமுறைக்கு வந்தது. வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வேலை பிடித்துக் கொடுத்ததற்காக மீனவரிடம் பணம் வாங்கக்கூடாது. மூன்று நாளுக்குமேல் கடலில் தங்கும் கப்பலில், ஒரு நாளைக்கு 10 மணி நேரமாவது ஓய்வு வேண்டும். இவை அதன் சில விதிகள். ஆசியாவிலேயே முதலாவதாகத் தாய்லாந்து 2019 ஜனவரியில் இதனை ஏற்றது. அதற்கு முந்திய ஆண்டிலேயே, மீனவர் சம்பளத்தை மாதந்தோறும் வங்கியில் செலுத்த வேண்டும் என்று அந்நாடு விதித்திருந்தது.

சட்டம் வந்துவிட்டது, துன்பம் தீர்ந்ததா? சம்பளம் வங்கிக்குப் போகிறது, சரி. ஆனால் பணம் எடுக்கும் அட்டையைக் கப்பல் தலைவனே வைத்துக்கொண்டால் என்ன செய்வது? அப்படி நடந்ததுண்டு. அதிகாரி துறைமுகத்தில் தாள்களைப் பார்ப்பார். அட்டை யார் சட்டைப்பையில் இருக்கிறது என்பதைத் தொழிலாளிதான் சொல்ல முடியும். பயமின்றிச் சொல்ல அவருக்குப் பின்னால் ஒரு சங்கம் வேண்டும்.

அங்கேதான் முடிச்சு இருக்கிறது. தாய்லாந்தின் 1975ஆம் ஆண்டுச் சட்டம், அந்நாட்டுக் குடிமக்களே சங்கம் தொடங்கலாம் என்று வகுத்தது. கப்பல்களில் உழைப்போரில் பெரும்பாலோர் மியன்மார், கம்போடியா நாட்டவர். அதனால் அனைத்துலகப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் துணை நிற்க, மீனவர் உரிமைக் கட்டமைப்பு என்ற பெயரில் அவர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். தங்கள் மொழியிலேயே உரிமைகளைக் கற்றார்கள். கப்பலில் முதலுதவிப் பெட்டி வேண்டும் என்று கேட்டார்கள். சிறிய கோரிக்கைதான். ஆனால் வலையிழுக்கும்போது கை அறுபட்டவனுக்கு அது உயிர்.

நேயர்களே, இந்தக் கதை நமக்குப் புதிதா? கங்காணியின் முன்பணத்தில் கட்டுண்டு நம் பாட்டன்மார் இங்கே வந்தார்கள். தனித்தனியாக இருந்த சங்கங்கள் 1954இல் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. அதன்பிறகுதான் நிர்வாகத்தோடு ஒரே மேசையில் ஒரே குரலில் பேச முடிந்தது.

இன்று நம் பக்கத்து லயத்திலும் வேறு நாட்டுத் தொழிலாளர் இருக்கக்கூடும். அவர்களுடைய பாஸ்போர்ட்டு யாரிடம் இருக்கிறது, சம்பளச் சீட்டு கிடைக்கிறதா என்று அன்போடு விசாரிப்போம். தேவைப்பட்டால் சங்கத்துக்கு அழைத்துப் போவோம். கடலானாலும் காடானாலும், ஒருவர் குறையை இன்னொருவர் கேட்பதில்தான் உரிமை தொடங்குகிறது.